அமெரிக்க மாணவர் விசா: வாங்குவதும் காப்பாற்றுவதும்

என் அறைத்தோழன் இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடத்தைக் கைவிட்டான். பேராசிரியரோடு ஒத்துப்போகவில்லை, மதிப்பெண் விழுந்துவிடும் என்ற பயம். பல்கலைக்கழக இணையதளத்தில் 'டிராப்' என்ற பொத்தானை அழுத்தினான், வேலை முடிந்தது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து வந்த முதல் மின்னஞ்சலை அவன் திறக்கவே இல்லை. இரண்டாவதைத் திறந்தபோது, செவிஸ் என்ற அரசு மாணவர் பதிவேட்டில் அவன் பதிவு முடித்துவைக்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தது. பாஸ்போர்ட்டை எடுத்து விசா பக்கத்தை எனக்குக் காட்டினான். "இன்னும் நாலு வருஷம் இருக்கேடா, எப்படி முடியும்?"

முடியும். விசா என்பது வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு. உள்ளே வந்த பிறகு உங்களை மாணவராக வைத்திருப்பது 'ஸ்டேட்டஸ்'. விசா தேதி முடிந்த பிறகும் ஒருவர் சட்டப்படி உள்ளே இருந்து படித்து முடிக்கலாம். விசாவில் தேதி மிச்சமிருக்க, ஸ்டேட்டஸ் போய்விடவும் கூடும். நான் படித்த காலத்தில் அந்த அலுவலகத்தின் முன்மேசையில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே கண் கலங்கி வந்து நின்றவர்கள் எல்லோரும் விசா நேர்காணலைத் தாண்டி வந்தவர்கள்தான். அதனால் இந்தக் கட்டுரையில் விசா வாங்குவதைவிட, வாங்கிய பிறகு செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். நான் சொல்வது கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புக்கான எஃப்-1 விசாவைப் பற்றி. தொழிற்பயிற்சிக்கான எம்-1, பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 ஆகியவற்றுக்கு விதிகள் வேறு.

ஐ-20 கையில் வரட்டும்

எல்லாம் ஐ-20 என்ற படிவத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் மட்டுமே அதைத் தர முடியும். 'அட்மிஷன் வந்துவிட்டது' என்பது வேறு, 'ஐ-20 வந்துவிட்டது' என்பது வேறு. இடம் கிடைத்த பிறகு, குறைந்தது முதல் ஓராண்டுச் செலவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று காட்டினால்தான் ஐ-20 தருவார்கள். சேமிப்பு, கல்விக்கடன், உதவித்தொகை, ஸ்பான்சர் என எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையை எட்ட வேண்டும்.

இப்போதெல்லாம் இது பிடிஎஃப் ஆகவே வருகிறது. வந்ததும் அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திடுங்கள். அதற்கு முன்னால் நிதானமாக ஒரு முறை படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து சரியா, பிறந்த தேதி சரியா, படிப்பின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்ன, செலவுக் கணக்கும் நீங்கள் காட்டிய பணமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மேலே 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் செவிஸ் எண். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவேடு. பல்கலைக்கழகத்தில் அதைக் கையாளும் அதிகாரியை டிஎஸ்ஓ என்பார்கள். இந்த மூன்றெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க அவர் வந்துகொண்டே இருப்பார்.

மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று ஐ-20 வந்தால் ஒன்றை முடிவு செய்துவிட்டு அதை மட்டும் வைத்து விண்ணப்பியுங்கள். நேர்காணலுக்கு ஒன்று, விமான நிலையத்தில் வேறொன்று என்று மாற்றிக் காட்டுவது வீண் சிக்கல்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. இனிஷியல் வைத்து வாழ்ந்த பெயர், பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும், மற்றது காலியாக இருக்கும். விசா விண்ணப்பத்தில் ஒரே பெயர் உள்ளவர் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கி அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்றெழுத்தே உங்கள் பெயராகிவிடும். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவில் பார்த்து 'ஃப்னூ' என்று கூப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பயணத்துக்கு நிறைய நாள் இருந்தால், விண்ணப்பங்களைத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்வது உத்தமம். பாதியில் மாற்றினால் ஐ-20, மதிப்பெண் சான்று, தேர்வு முடிவு எல்லாவற்றிலும் பெயர் ஒட்டாமல் போகும்.

கட்டணம், படிவம், தேதி

ஐ-20 வந்ததும் வரிசை இதுதான். முதலில் ஐ-901 எனப்படும் செவிஸ் கட்டணம், எஃப்-1க்கு 350 டாலர். ரசீதை அச்சிட்டு வையுங்கள். அடுத்து டிஎஸ்-160 என்ற இணையப் படிவம். அப்புறம் விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். அதைக் கட்டிய பிறகு நேர்காணலுக்குத் தேதி. விசா கிடைக்காவிட்டாலும் இந்த 185 திரும்பி வராது. மறுக்கப்பட்டு 12 மாதங்களுக்குள் அதே வகையில் மீண்டும் விண்ணப்பித்தால், செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

டிஎஸ்-160 நீளமான படிவம். தொடங்கும்போதே தரப்படும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், அந்த எண் இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி அணியாதது. கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு யாரையாவது இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. நிரப்பச் சொல்லுங்கள், ஆனால் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று யாரோ ஒரு முகவர் தட்டிவிட்டால், அந்தப் பொய்க்குப் பொறுப்பாளி நீங்கள்தான்.

தேதியைப் பொறுத்தவரை, படிப்பு தொடங்கும் நாளுக்கு 365 நாள் முன்பிருந்தே விசா வாங்கலாம். ஆனால் நாட்டுக்குள் நுழைவது தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் கூடாது. ஆகஸ்ட் இறுதியில் வகுப்பு தொடங்கும் என்பதால் கோடைமாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேதிக்கு அலைவார்கள். ஐ-20 வந்த வாரமே மற்ற வேலைகளை முடித்துவிடுங்கள். வேறு நாட்டில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று அங்கே போய் விண்ணப்பிக்கும் பழைய வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. 2025 செப்டம்பர் முதல் குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜன்னல் முன்னால் சில நிமிடம்

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோப்பில் நாற்பது தாள் வைத்திருப்பீர்கள், அதிகாரி ஐ-20யையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் வாங்கிப் பார்ப்பார். மனம் நொந்துகொள்ள வேண்டாம். மற்றவை கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கட்டும்: டிஎஸ்-160 உறுதித்தாள், செவிஸ் ரசீது, மதிப்பெண் பட்டியல்கள், தேர்வு முடிவுகள், வங்கி அறிக்கை, கடன் ஒப்புதல் கடிதம்.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வரும் ஒருவரை, அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதனால் அதிகாரி எதைக் கேட்டாலும் அவர் மனதில் ஓடுவது மூன்றுதான். இவர் உண்மையிலேயே படிக்கத்தான் போகிறாரா? பணம் இருக்கிறதா? முடித்ததும் திரும்புவாரா?

முதல் கேள்விக்கு மனப்பாடம் செய்த பதில் உதவாது. 'அந்தப் பல்கலைக்கழகத்தின் உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்கள்' என்ற வரியை அந்த அதிகாரி அன்று காலையிலேயே பலமுறை கேட்டிருப்பார். நீங்கள் எடுக்கப்போகும் இரண்டு பாடங்களின் பெயர், அவை நீங்கள் முன்பு செய்த எதோடு இணைகின்றன, வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். இயந்திரப் பொறியியல் முடித்தவர் திடீரென்று வணிகம் படிக்கப் போனால் அதற்கான காரணம் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றிக் கேட்டால் தொகையைச் சொல்லுங்கள்: கடன் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு, முதலாண்டுச் செலவு ஐ-20யின்படி இவ்வளவு. அங்கே வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வேன் என்ற பதில் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். திரும்புவது பற்றிக் கேட்டால், அந்தப் படிப்பு உங்கள் நாட்டில் எந்த வேலைக்கு வழிவிடும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், அதில் தப்பே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மறுத்தால் பெரும்பாலும் 214(பி) என்று குறிப்பிட்ட தாள் ஒன்று தருவார்கள். அது வாழ்நாள் தடை இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் எதுவும் மாறாமல் அடுத்த வாரமே போய் நின்றால் பதிலும் மாறாது. 221(ஜி) என்று தாள் வந்தால், இன்னும் ஏதோ ஆவணம் வேண்டும் அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். சரிபார்ப்பு என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வகுப்பு தொடங்கிவிடும்போல் இருந்தால் டிஎஸ்ஓவுக்கு எழுதி அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இவை இரண்டையும்விட மோசமானது, போலி வங்கி அறிக்கையோ போலிச் சான்றோ பிடிபடுவது. பொய்யுரைத்ததாக ஒரு முறை பதிவானால் அது நிரந்தரத் தடை.

விசாவோடு பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் பெயர், பிறந்த தேதி, வகை, கீழே அச்சாகியிருக்கும் செவிஸ் எண் எல்லாவற்றையும் ஐ-20யோடு ஒப்பிடுங்கள்.

விமானம் இறங்கிய முதல் மாதம்

பாஸ்போர்ட், ஐ-20, செவிஸ் ரசீது, சேர்க்கைக் கடிதம், பண ஆதாரம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால், குடிவரவு வரிசையில் நிற்கும்போது அது உங்களிடம் இருக்காது. கையெழுத்தில்லாத ஐ-20 போன்ற சிறிய குறை இருந்தால் அங்குள்ள அதிகாரி ஐ-515ஏ என்ற தாளைக் கொடுத்து 30 நாளுக்கு மட்டும் அனுமதிப்பார். அப்படி வந்தால் நேராக டிஎஸ்ஓவிடம் போங்கள்.

வந்து சேர்ந்த ஓரிரு நாளில் எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் உங்கள் ஐ-94 வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்லும் ஆவணம் இதுதான், விசா அல்ல. வகை எஃப்-1 என்றும், கடைசித் தேதி இருக்கும் இடத்தில் 'டி/எஸ்' என்றும் இருப்பதே வழக்கம். மாணவர் ஸ்டேட்டஸ் நீடிக்கும்வரை தங்கலாம் என்பது அதன் பொருள். இந்த முறையை எடுத்துவிட்டு அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறிக்க 2025 ஆகஸ்டில் ஒரு வரைவு விதி வெளியானது. அதனால் நண்பர் சொன்னார் என்று விடாமல், உங்கள் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். சுற்றுலா வகை என்று தவறாகப் பதிவாகியிருந்தால் உடனே டிஎஸ்ஓவிடம் சொல்லித் திருத்துங்கள்.

அடுத்தது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வந்துவிட்டதாகப் பதிவு செய்வது. உள்ளூர் முகவரி, தொலைபேசி எண், ஆவணங்களின் நகல் கேட்பார்கள். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் டிஎஸ்ஓ உங்கள் பதிவைச் செவிஸில் உறுதி செய்ய வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். முதல் மாதத்தில் நண்பர் வீட்டில் தங்கிவிட்டுப் பிறகு வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

எத்தனை கிரெடிட்?

என் தோழன் விழுந்த குழி இது. கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவை வைத்துப் போடும் எண். இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தால்தான் ஸ்டேட்டஸ் நிற்கும். முதுநிலைக்குப் பல்கலைக்கழகம் வைப்பதுதான் கணக்கு, பல இடங்களில் 9. முழுக்க இணையவழியில் நடக்கும் பாடங்களில் ஒன்று மட்டுமே, அதிகபட்சம் மூன்று கிரெடிட், இந்தக் கணக்கில் சேரும். வீட்டிலிருந்தே படிக்கலாமே என்று இரண்டு இணையவழிப் பாடம் எடுத்தால், மொத்தம் சரியாக இருப்பதுபோல் தெரியும், செவிஸ் கணக்கில் குறையும்.

குறைக்கவே முடியாதா என்றால், முடியும். புதிதாக வந்தவர் ஆங்கிலத்திலோ கற்பிக்கும் முறையிலோ திணறினால், உடல்நலம் சரியில்லை என்று மருத்துவர் கடிதம் தந்தால், கடைசி செமஸ்டரில் எடுக்க வேண்டிய பாடமே குறைவாக இருந்தால், டிஎஸ்ஓ அனுமதி தரலாம். எல்லாமே முன் அனுமதி. பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு போய் நின்றால், அவருக்கே விருப்பம் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என் தோழன் ஒரு நாள் முன்னால் போய்க் கேட்டிருந்தால், முதல் ஆண்டு மாணவன் என்ற காரணத்தில் அனுமதி கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ஐ-20யில் உள்ள முடிவுத் தேதியையும் கைபேசி நாட்காட்டியில் மூன்று மாதம் முன்னால் நினைவூட்டும்படி போட்டு வையுங்கள். ஆராய்ச்சி இழுத்துக்கொண்டே போகும், தேதி நிற்காது. நீட்டிப்பை அந்தத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். பாடப்பிரிவு மாறினாலும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும், செலவுக்கான பணத்தின் மூலம் மாறினாலும் ஐ-20 மாற வேண்டும். பழைய ஐ-20களை எறிந்துவிடாதீர்கள். பல ஆண்டு கழித்து வேறு விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அவற்றைக் கேட்பார்கள்.

வேலை: எது ஆகும், எது ஆகாது

வளாகத்துக்குள் வேலை என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரமும். இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் மொத்தம் 20தான். ஒரு வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சராசரி பார்க்கும் கணக்கு கிடையாது. வேலை கிடைத்ததும் முதலாளியின் கடிதமும் டிஎஸ்ஓவின் கடிதமும் எடுத்துப்போய், சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்க வேண்டும்.

வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாத வேலை கூடவே கூடாது. கையில் ரொக்கம் தரும் கடை, செயலி மூலம் உணவு கொண்டுபோய்க் கொடுப்பது, தெரிந்தவர் பெட்ரோல் நிலையத்தில் வார இறுதி எல்லாம் இதில் அடக்கம். 'எல்லாரும் பண்றாங்க' என்பார்கள். பண்ணுகிறார்கள்தான், பிடிபட்டவர்கள் அதைச் சொல்ல அங்கே இருப்பதில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு சொந்த நாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்வது, காணொளிப் பக்கத்தில் விளம்பரக் காசு வருவது போன்றவை சிக்கலான இடங்கள். நண்பரை நம்பாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். எஃப்-2 விசாவில் வரும் கணவனோ மனைவியோ எந்த வேலையும் பார்க்க முடியாது.

படிப்போடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப்புக்குச் சிபிடி என்ற அனுமதி உண்டு. பொதுவாக முழு ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகு டிஎஸ்ஓ தருவார். நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் ஐ-20யில் அச்சாகும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலையில் சேரக் கூடாது. முழுநேரச் சிபிடியை 12 மாதம் பயன்படுத்திவிட்டால் அடுத்து வரும் ஓபிடி கிடைக்காது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பற்றி என் கருத்து: தள்ளியே நில்லுங்கள். பின்னாளில் வேறு விசாவுக்குப் போகும்போது கேள்விகள் அங்கேதான் தொடங்கும்.

ஓபிடி என்பது படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள்வரை விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரைத்த 30 நாளுக்குள், வேலை அனுமதி அட்டைக்கான ஐ-765 விண்ணப்பம் குடிவரவுத் துறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டு நிராகரிக்கப்பட்டவர்களை முன்மேசையில் நானே பார்த்திருக்கிறேன். அந்த அட்டையில் உள்ள தொடக்கத் தேதி வந்த பிறகு, வேலையில்லாமல் இருக்கும் நாள்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. அதற்கு நிறுவனம், ஊழியர்களுக்கு வேலை பார்க்க அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் அரசின் 'இ-வெரிஃபை' திட்டத்தில் இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டமும் எழுதித் தர வேண்டும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் எஃப்-1 மாணவர் ஆண்டுதோறும் வரித்துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். சம்பாதித்திருந்தால் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவம். விளம்பரங்களில் வரும் சாதாரண வரி மென்பொருள்கள் குடியிருப்பவர்களுக்கான 1040ஐத்தான் நிரப்பும். அதை அனுப்பினால் தவறான கணக்கு. முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் உங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. சம்பளச் சீட்டில் அந்த 7.65 விழுக்காடு பிடித்திருந்தால் நிறுவனத்திடம் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

ஊருக்குப் போய்வர

வெளிநாடு போய்த் திரும்பி நுழையத் தேவைப்படும் பயணக் கையெழுத்துக்கு ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் இடம் இருக்கும். டிஎஸ்ஓ போடும் அந்தக் கையெழுத்து ஓராண்டுக்குச் செல்லும், ஓபிடியில் இருப்பவருக்கு ஆறு மாதம். விமானச் சீட்டு எடுக்கும்போதே அதைப் பாருங்கள். டிசம்பர் தேர்வு முடிந்த மறுநாள் விமானத்தை வைத்துக்கொண்டு, அலுவலகம் மூடிய பிறகு கதவைத் தட்டியவர்கள் அநேகம்.

விசா தேதி முடிந்திருந்தால் உள்ளே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே போனால் திரும்பி வரப் புது விசா வேண்டும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வந்தால், பெரும்பாலோருக்குப் பழைய விசாவோடே நுழைய வழி உண்டு. போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும். ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் ஸ்டேட்டஸ் முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படிப்புக்குச் சம்பந்தமில்லாத மூன்று

குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும் முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். கஞ்சா பல மாநிலங்களில் கடையிலேயே விற்கிறது. ஆனால் மத்திய அரசின் சட்டத்தில் இன்னும் குற்றம், குடிவரவு மத்திய அரசின் கையில் இருக்கிறது. மூன்றாவதை யாரும் எச்சரிப்பதில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில், 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். நீண்ட படிவத்தின் நடுவில் ஒரு சிறு கட்டம். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்திட்டால், அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகும். வாக்களிக்கவே இல்லை என்றாலும் அதன் விளைவு வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென்று முடிக்கப்பட்டன. பலரிடம் இருந்தது தள்ளுபடியான பழைய வழக்கோ போக்குவரத்து விதிமீறலோதான். நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு அந்த மாத இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. ஆகவே சின்னதாக எது நடந்தாலும் காவல்துறை, நீதிமன்றத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அபராதம் கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஸ்டேட்டஸ் போய்விட்டால்

இரண்டு வழி. உள்ளே இருந்தபடியே மீட்பு விண்ணப்பம் போடலாம். ஐந்து மாதத்துக்குள், நம் கையை மீறிய காரணத்தால் நடந்தது என்றோ, டிஎஸ்ஓ அனுமதித்திருக்கக்கூடிய பாடக்குறைப்புதான் என்றோ காட்ட வேண்டும். அனுமதியில்லாத வேலை செய்திருந்தால் இந்த வழி கிடையாது. அல்லது நாட்டை விட்டுப் போய், புது ஐ-20 வாங்கி, 350 டாலரை மறுபடி கட்டி, தேவைப்பட்டால் புது விசாவும் எடுத்து நுழையலாம். என் தோழன் இரண்டாவது வழியில் வந்தான். படிப்பு தொடர்ந்தது, ஆனால் சிபிடிக்கான ஓராண்டுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அந்தக் கோடையில் கையில் இருந்த இன்டர்ன்ஷிப் போயிற்று. அதற்குப் பிறகு அலுவலக மின்னஞ்சலை அவன் திறக்காமல் விட்டதில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போனால், கடைசியில் 60 நாள் அவகாசம் இருக்கிறது. படிப்போ ஓபிடியோ முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் கிளம்பலாம், அடுத்த பட்டத்துக்குச் செவிஸ் பதிவை மாற்றிக்கொள்ளலாம், வேறு விசா வகைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை மட்டும் பார்க்க முடியாது. டிஎஸ்ஓவின் அனுமதியோடு பாதியில் விலகியவர்களுக்கு இந்த அவகாசம் 15 நாள்தான், விதி மீறியவர்களுக்கு ஒரு நாளும் இல்லை. பட்டமளிப்புக்கு வந்த அப்பா அம்மாவோடு நயாகராவின் கனடாப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு ஒன்று: அந்த 60 நாள் உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். பாலத்தைத் தாண்டிவிட்டால், மிச்ச நாளைக் காட்டி மாணவராகத் திரும்பி நுழைய முடியாது. அமெரிக்கப் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.